தம்பி பேரில் ஒரு சீட்

நவம்பர் 4, செவ்வாய்

தம்பியை அடக்கம் பண்ணிட்டு இன்னைக்குத்தான் டிராவல்ஸ் ஆபீஸ் போனேன். நானே ஷட்டரைத் தூக்கி, நானே பெருக்கி, நானே சாமி படத்துக்குப் பூ வச்சேன். நான் வேதக்காரி, மாதா கோவிலுக்குப் போறவ, ஆனாலும் ஆபீஸ் பிள்ளையாருக்குப் பூ வைக்கிறது என் வேலைதான். முதலாளி நாயகம் சார் பத்து மணிக்கு வந்தாரு. முகத்தை ஒரு முழம் தொங்கப் போட்டுக்கிட்டு, “மனசைத் தேத்திக்கம்மா, எல்லாம் விதி”ன்னாரு. சரிங்க சார்ன்னேன். காபி உள்ள போனதும் மெதுவா ஆரம்பிச்சாரு.

“ஏம்மா ஜெசிந்தா, உன் தம்பி டெத் சர்டிபிகேட் காப்பி ஒண்ணு குடேன். குடும்பத்துல சாவுன்னா, தேதி மாத்தினதுக்குப் பிடிச்ச பெனால்ட்டிய ஏர்லைன்காரன் திருப்பித் தருவான். ரூல் இருக்கு. அதை ஏன் விடுவானேன்?”

தேதியை மாத்தினது யாரு? இந்த மனுஷன்.

கோலாலம்பூர்ல தம்பி ஐசியூல கிடக்கான்னு போன் வந்த அன்னைக்கே நான் டிக்கெட் போட்டேன். அக்டோபர் 16, வியாழக்கிழமை. புதன்கிழமை சாயங்காலம் நான் வீட்டுல பெட்டி கட்டிக்கிட்டு இருக்கேன், இவரு ஆபீஸ்ல உக்காந்து என் சீட்டைக் கேன்சல் பண்ணிட்டாரு. ஃபுல்லான ஃப்ளைட்டுல ஒரு சீட்டை ஒரு புக்கிங் மிஷின்ல விட்டா, பக்கத்து மிஷின்ல அதை அப்படியே அள்ளிக்கலாம். எங்க தொழில்ல எல்லாரும் பண்றதுதான். அள்ளிக் குடுத்தது யாருக்கு? நகைக்கடைக்காரர் வீட்டு மாப்பிள்ளைக்கு. தீபாவளி லீவுல மலேசியா சுத்திப் பாக்கணுமாம். எனக்குப் போன் பண்ணி, “ரெண்டு நாள்தானேம்மா, சனிக்கிழமை போட்டுட்டேன், கோச்சுக்காத”ன்னாரு. பெனால்ட்டியை என் சம்பளத்துல எழுதிக்கிட்டாரு.

தம்பி வெள்ளிக்கிழமை போயிட்டான். வியாழக்கிழமை பூரா நினைவோட இருந்தானாம். அவன்கூட வேலை பாக்குற பையன் சொன்னான்.

காப்பியை எடுத்துக் குடுத்தேன். “நல்லா இருங்க சார்”ன்னு வேற சொன்னேன். இந்த ஆளைச் சும்மா விட்டா நான் ஜெசிந்தா இல்ல.

நவம்பர் 5, புதன்

கேஸ் தீந்துபோச்சு, புக் பண்ணேன். தம்பியோட திருச்சி நம்பருக்கு ரீசார்ஜ் பண்ணேன். விட்டா நம்பரை வேற யாருக்காவது குடுத்துடுவானுங்களாம். அதுக்காகத்தான்.

நவம்பர் 10, திங்கள்

பெனால்ட்டியைத் திருப்பித் தர்ற வேவர் சாங்ஷன் ஆயிடுச்சு. அப்ளிகேஷன்ல நாயகம் சாரே கையெழுத்துப் போட்டு, சீல் குத்தி, சர்டிபிகேட்டைச் சேத்து அனுப்பியிருந்தாரு. லாட்டரி விழுந்த மாதிரி கூப்பிட்டுச் சொன்னாரு. பணம் ஏஜென்சி கணக்குக்கு வந்துச்சு. என் கைக்கு வரல, நானும் கேக்கல. கேட்டா குடுத்துடுவாரோன்னு பயம். குடுத்துட்டா அப்புறம் இந்தக் கோபத்தை நான் எங்க கொண்டு வைக்கிறது?

நவம்பர் 13, வியாழன்

ஹோல்ட் போடுறது எதுக்குன்னு பானுவுக்கு இன்னைக்கு விளக்கிச் சொன்னேன். ஷர்மிளா பானு, சேந்து ஒரு வருஷம்கூட ஆகல, தங்கமான பொண்ணு. “அக்கா, இந்தப் பத்துப் பேரும் எப்ப வந்து பணம் கட்டுவாங்க?”ன்னு கேக்குறா. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு.

“அடிப் பைத்தியமே, அப்படி யாரும் இல்லடி. சீசனுக்கு முன்னாடியே சீட்டைப் பிடிச்சு வச்சுக்கறோம். நிஜ ஆளு வந்ததும் பொய் ஆளை எடுத்துட்டு அவங்களைப் போடுவோம்.”

“மாட்டிக்கிட்டா?”

“ஒவ்வொரு சீட்டுக்கும் பெனால்ட்டி மெமோ வரும். முத்திப்போனா டிக்கெட் போடுற உரிமையே போயிடும்.”

அதனாலதான் சார் ஒரு வழி வச்சிருக்காரு. கண்ட பேரைப் போட்டா ஏர்லைன் மிஷின் கண்டுபிடிச்சிடும். நிஜப் பேரு, நிஜப் பாஸ்போர்ட் நம்பர்னா கண்டுபிடிக்காது. பீரோவுல வருஷக்கணக்கா கஸ்டமர்களோட பாஸ்போர்ட் காப்பி அடுக்கடுக்கா கிடக்கு. கொஞ்ச நாளா வராத ஆளாப் பாத்து அவரே உருவிக் குடுப்பாரு, நாங்க அடிப்போம். ஃப்ளைட்டுக்கு ரெண்டு நாள் முன்னாடி மிச்சத்தை நாங்களே எடுத்து விடணும். எடுத்து விடுறது மட்டும் என் பொறுப்பு. பதினோரு வருஷத்துல ஒருதடவைகூடத் தப்பினது இல்ல.

நவம்பர் 16, ஞாயிறு

தம்பிக்கு முப்பதாம் நாள் பூசை. நல்ல மழை. எங்க வீட்டுக்காரரு கோவில்ல குலுங்கிக் குலுங்கி அழுதாரு, எனக்கே கூச்சமாப் போச்சு. நான் அழல. வந்தவங்களுக்குக் கேசரி போதல, அதுதான் கவலை.

நவம்பர் 21, வெள்ளி

அடுத்த வெள்ளி, 28-ந்தேதி கோலாலம்பூர் ஃப்ளைட்ல பத்து சீட்டு பிடிச்சு வச்சிருக்கு. தம்பி காரியத்துக்கு நான் மலேசியாவுல இருந்தப்போ போட்டது. டூர் குரூப் வரலையாம். “புதன்கிழமை மறக்காம எடுத்து விட்டுடும்மா”ன்னாரு சார்.

“உங்களுக்கு அந்தக் கவலையே வேணாம் சார்”ன்னேன்.

பஸ்ல வரும்போது யோசிச்சேன். நான் ஒண்ணுமே பண்ண வேணாம். விஷம் வைக்க வேணாம், சண்டை போட வேணாம், வேளாங்கண்ணிக்கு நேந்துக்கிட்டு இவர் நாசமாப் போகணும்னு கேக்க வேணாம். புதன்கிழமை ஒரு பட்டனை அமுக்காம இருந்தாப் போதும். பத்து சீட்டும் காலியாப் பறக்கும். ஏர்லைன்காரன் தோண்டுவான். மெமோ வரும். அந்த முகத்தைப் பாக்கணும் எனக்கு.

நவம்பர் 26, புதன்

மறந்துட்டேன்.

வீட்டுக்கு வர்ற வழியில மிக்ஸி ஜாரை ரிப்பேருக்குக் குடுத்தேன். அரை கிலோ நெத்திலி வாங்கினேன். ராத்திரி ரெண்டு சோறு கூடவே சாப்பிட்டேன்.

நவம்பர் 28, வெள்ளி

போயிடுச்சு. பத்து சீட்டும் காலி.

டிசம்பர் 2, செவ்வாய்

இதை எப்படி எழுதுறதுன்னு தெரியல. நடந்தது நடந்தபடி எழுதிடுறேன்.

டிசம்பர் 18-ந்தேதி ஃப்ளைட்டுக்கு ஒரு செட்டு சீட்டு போட்டிருக்குன்னு பானு சொன்னா. போன வாரம் சார் காப்பிகளை எடுத்துக் குடுத்தாராம், இவ அடிச்சாளாம். சரியா இருக்கான்னு ஒருதடவை பாருங்கக்கான்னா. பாத்தேன். ஏழாவது பேரு சூசை ததேயு.

பொறந்த தேதி, பாஸ்போர்ட் நம்பர், எல்லாம் தம்பியோடதுதான். நானே எத்தனை தடவை அடிச்சிருக்கேன் அந்த நம்பரை. அவன் ஊருக்கு வந்து போகும்போதெல்லாம் எங்க ஆபீஸ்லதானே டிக்கெட்.

பானுவைக் குத்தம் சொல்ல முடியாது. நான் வாய்க்கு வாய் தம்பி தம்பின்னுதான் சொல்லுவேன், அவளுக்குப் பேரு தெரியாது. ஆனா அந்தக் காப்பியை உருவிக் குடுத்த மனுஷன் மூணு வாரம் முன்னாடி இதே பேரை எழுதி, செத்துட்டான்னு கையெழுத்துப் போட்டு, பணம் வாங்கியிருக்காரு. கொஞ்ச நாளா வராத ஆளுன்னு எடுத்தாராம். ஆமா, வர மாட்டான்தான். இனி எங்க வர?

சுகர் இறங்கிடுச்சுன்னு சொல்லி பாத்ரூம் போயிட்டேன். வெளிய வந்தா பானு தேன் மிட்டாய் வாங்கி வச்சிக்கிட்டு நிக்கிறா. ரெண்டு தின்னேன்.

நாசமாப் போவான். புழுத்துச் சாவான். எழுதினதை அடிக்க மாட்டேன்.

டிசம்பர் 4, வியாழன்

மெமோ வந்துடுச்சு. பத்து சீட்டு, பத்துக்கும் பெனால்ட்டி. படிச்சதும் சார் முகம் செத்துப்போச்சு. நான் எத்தனை நாளாக் காத்துக்கிட்டு இருந்த முகம்! கண்ணாரப் பாத்தேன். உள்ளுக்குள்ள விசில் அடிச்சேன்.

ஒரு நிமிஷம்தான். அப்புறம் மெமோவைத் திருப்பிக் கீழ பாத்தாரு. எந்த ஊழியர் சைன்ல, அதாவது எந்த லாகின்ல, சீட்டு போட்டதுன்னு கீழ வரும். அதை நான் யோசிக்கவே இல்ல. எங்க ஆபீஸ்ல காலையில யாரு முதல்ல மிஷினைத் திறக்கிறாங்களோ அவங்க சைன்லயே நாள் பூரா எல்லாரும் அடிப்போம், மாத்துறதுக்குச் சோம்பேறித்தனம். நான் மலேசியாவுல இருந்தப்போ திறந்தது பானு.

“ஷர்மிளா பானு! இங்க வா. என்ன இது? யாரைக் கேட்டும்மா இதைப் பண்ண?”

“சார், நீங்கதானே சார் காப்பி குடுத்து…”

“நான் குடுத்தேனா? எழுத்துல இருக்கா? உன் சைன், உன் பொறுப்பு. மெமோ முழுக்க உன் சம்பளத்துல கழியும். அது கழியற வரைக்கும் உன் சர்டிபிகேட் எங்கிட்டதான் இருக்கும்.”

எங்க எல்லார் ஒரிஜினல் சர்டிபிகேட்டும் சாரோட லாக்கர்லதான் இருக்கு. சேரும்போதே வாங்கி வச்சுக்குவாரு. பானுவுக்கு ஏர்போர்ட்ல கிரவுண்ட் ஸ்டாஃப் வேலை கிடைச்சிருக்கு, 15-ந்தேதி ஒரிஜினலோட வரச் சொல்லியிருக்காங்க. எங்கிட்ட மட்டும்தான் சொல்லியிருந்தா. அவ அழல. என்னைத்தான் பாத்தா.

நான் மிஷின் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

டிசம்பர் 5, வெள்ளி

சின்னப் பொண்ணு, வேற வேலை கிடைக்காமலா போயிடும்? முதலாளி அவ தலையில கட்டினா நான் என்ன பண்ண முடியும்? நான் குறிவச்சது அவரை.

மிக்ஸி ஜார் வந்துடுச்சு. ஆனாலும் ஒழுகுது.

டிசம்பர் 7, ஞாயிறு

பக்கத்து வீட்டுல கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்டிட்டாங்க. நம்ம வீட்டுல இந்த வருஷம் இல்ல. பூசையில சாமியார் என்ன பிரசங்கம் வச்சாருன்னு கேட்டா எனக்குத் தெரியாது. நாயகம் சார் எனக்குப் பண்ணதும், நான் பானுவுக்குப் பண்ணதும்தான் மாத்தி மாத்தி ஓடுச்சு. அவரு என்னை நினைச்சுப் பண்ணல, நான் பானுவை நினைச்சுப் பண்ணல. வித்தியாசம் எங்க இருக்குன்னு தேடித் தேடிப் பாத்தேன்.

சாயங்காலம் மாவு அரைக்கும்போது திடீர்னு உறைச்சுது. சார் மடத்தனமா ஒண்ணு பண்ணியிருக்காரு. ததேயு செத்துட்டான்னு இவர் கையெழுத்தோட ஒரு காகிதம் ஏர்லைன்கிட்ட இருக்கு. அதே ததேயு 18-ந்தேதி பறக்கப் போறான்னு இவர் ஏஜென்சி போட்ட சீட்டும் அதே ஏர்லைன்கிட்ட இருக்கு. ரெண்டையும் யாரும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கல, அவ்வளவுதான். செத்தவன்னு தெரிஞ்சவரு ஒருத்தரு, அவரு ஏஜென்சியிலயே சீட்டு. இதை எப்படிப் பானு தலையில கட்டுவாரு?

“என்னடி சிரிக்கிற?”ன்னாரு வீட்டுக்காரரு. “மாவு நல்லாப் பொங்கும்போல இருக்கு”ன்னேன்.

டிசம்பர் 8, திங்கள்

வயித்து வலின்னு லீவு சொல்லிட்டு ஏர்போர்ட் ரோட்டுல இருக்குற ஏர்லைன் ஆபீஸுக்குப் போனேன். மேனேஜர் பேரு கலைச்செழியன். போன்ல பல வருஷம் பேசியிருக்கேன், நேர்ல இன்னைக்குத்தான். ஒல்லியா, நரைச்ச மீசை.

“மேடம், மெமோவுல இருக்குறது அந்தப் பொண்ணு சைன். ஸ்டாஃப் தன்னிச்சையா பண்ண தப்புன்னு உங்க ஓனர் மெயில் அனுப்பிட்டாரு. நான் என்ன பண்ண?”

“சார், டிசம்பர் பதினெட்டு ஃப்ளைட்ல சூசை ததேயுன்னு ஒருத்தர் இருக்காரா பாருங்க.”

தட்டிப் பாத்தாரு. “இருக்காரு. உங்க ஏஜென்சி சீட்டுதான்.”

“இப்ப நவம்பர்ல எங்க சார் அனுப்பின வேவர் ஃபைலை எடுங்க. டெத் கேஸ்.”

எடுத்தாரு. சர்டிபிகேட்டைப் பாத்தாரு, ஸ்க்ரீனைப் பாத்தாரு, பாஸ்போர்ட் நம்பரை விரல் வச்சு ஒவ்வொரு எழுத்தாச் சரிபாத்தாரு. கண்ணாடியைக் கழட்டினாரு.

“ரெண்டும் ஒரே ஆளா?”

“ஒரே ஆளுதான் சார். என் கூடப்பொறந்தவன்.”

கண்ணாடியைத் துடைச்சு மாட்டிக்கிட்டாரு. அப்புறம் சொன்னாரு, வாயால சொன்னாப் பத்தாது, எழுதிக் குடுக்கணும், என் பேரு வரும்னு. வரட்டும்னேன். “சரி, 28-ந்தேதி பத்து சீட்டும் ஏன் ரிலீஸ் ஆகல? எடுத்து விடுறது யார் வேலை?”

மறந்துட்டேன்னு சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்துச்சு. சொன்னா அவரு நம்பியிருப்பாரு, அந்த ஆபீஸ்ல என்னை நம்பாதவங்க யாரு?

“என் வேலைதான் சார். வேணும்னேதான் விட்டேன்.”

“மேடம், இதை எழுதினீங்கன்னா இந்த ஊர்ல எந்த டிராவல்ஸ்லயும் உங்களை உள்ள விட மாட்டாங்க.”

“முறுக்கு சுட்டு விப்பேன் சார். பேப்பர் குடுங்க.”

ரெண்டு பக்கம் எழுதினேன்.

டிசம்பர் 10, புதன்

காலையில மிஷினைத் திறந்தா எங்க ஏஜென்சிக்கு டிக்கெட் போடுற உரிமை நிறுத்தி வைப்புன்னு வருது. டிசம்பர் மாசம், சீசன் உச்சியில! கஸ்டமர் வரிசையா நிக்கிறாங்க. சார் போன்ல “சொல்லுங்க சார், சொல்லுங்க சார்”ன்னு குனிஞ்சு குனிஞ்சு பேசிட்டு வெச்சாரு. வெச்சதும் நேரா என் மேஜைக்கு வந்தாரு.

“பதினோரு வருஷம்! பதினோரு வருஷம் சோறு போட்டேனே, நன்றிகெட்டவளே! உனக்கு என்னம்மா குறை வச்சேன்?”

“எழுந்து நின்னு பேசணுமா சார், உக்காந்தே பேசலாமா?”ன்னேன்.

“திமிரு! ஏர்லைன்ல எழுதிக் கேக்குறான், யார் சொல்லிப் போட்ட சீட்டுன்னு. பானுன்னு சொன்னா அந்த வேவர் பேப்பரைக் காட்டி என்னைப் பொய்யன்னுவான், நிரந்தரமா கதவைச் சாத்திடுவான். நானே சொன்னேன்னு எழுதிக் குடுத்து, மெமோவைக் கட்டினாத்தான் திறப்பானாம். என்னை இப்படி நிக்க வச்சிட்டியே!”

“வச்சிட்டேன்ல?”

கஸ்டமர் எல்லாம் பாக்குறாங்க. அவரு குரலை இறக்கினாரு. “ஏம்மா, சத்தியமாச் சொல்றேன், அது உன் தம்பி பேருன்னு எனக்குத் தெரியாதும்மா. நான் பேரைப் பாக்கவே இல்ல.”

“சர்டிபிகேட்ல பாத்தீங்களே.”

“அதுலயும் பாக்கல. கையெழுத்து போட்டேன், அனுப்பினேன்.”

பொய் சொல்லல அந்த மனுஷன். மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது, நிஜமாவே பாக்கல. வேணும்னே பண்ணியிருந்தாக்கூட எனக்கு இவ்வளவு எரிஞ்சிருக்காது.

“அதான் சார் என் கோபமே. நான் வியாழக்கிழமை போகணும்னு அழுதப்பவும் நீங்க பாக்கல. உங்களுக்கு அது ஒரு சீட்டு. என் தம்பி அன்னைக்குப் பூரா அக்கா எப்ப வரும், அக்கா எப்ப வரும்னு கேட்டுக்கிட்டே கிடந்தான் சார். அந்தச் சீட்டுல உங்க நகைக்கடை மாப்பிள்ளை உக்காந்து ஜூஸ் குடிச்சிருப்பாரு.”

பானு வாயைப் பொத்திக்கிட்டு நின்னா.

“லாக்கரைத் திறங்க. பானு சர்டிபிகேட்டை இப்பவே குடுங்க. இல்லேன்னா பீரோவுல இருக்குற பாஸ்போர்ட் காப்பியெல்லாம் எதுக்கு உதவுதுன்னு இங்க நிக்கிறவங்ககிட்டயே சொல்லுவேன்.”

திறந்தாரு. பானு கவரை நெஞ்சோட அணைச்சுக்கிட்டா. என் சர்டிபிகேட்டையும் தூக்கி மேஜையில போட்டாரு, அதுல பாதி கரையான் அரிச்சிருந்துச்சு. எடுத்துக்கிட்டு வந்துட்டேன்.

டிசம்பர் 11, வியாழன்

வேலை இல்லாத முதல் நாள். காலையில எழுந்து குளிச்சுப் புடவை கட்டிட்டு அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. பழக்கடையில பானு உம்மா பாத்துட்டு ஒரு சீப்புப் பழம் குடுத்தாங்க, பானு ஏர்போர்ட்ல திங்கக்கிழமை சேருறாளாம். நான்தான் முதல்ல அவளை மாட்டிவிட்டதுன்னு அவங்களுக்குத் தெரியுமா? பானு சொல்லியிருக்க மாட்டா. வாங்கிக்கிட்டேன்.

டிசம்பர் 12, வெள்ளி

கலைச்செழியன் சார் போன் பண்ணாரு. “மேடம், உங்க ஏஜென்சி பிடிச்ச பொய்ச் சீட்டு எல்லாத்தையும் எடுத்துட்டோம். ஒண்ணு மட்டும் பாக்கி. உங்களைக் கேக்காம எடுக்க எனக்கு மனசு வரல. முடிஞ்சா வாங்க.”

போனேன். ஸ்க்ரீன்ல தனியா அந்தப் பேரு நின்னுச்சு. 18-ந்தேதி வியாழன், ஜன்னல் சீட்டு. பானுதான் போட்டிருப்பா, அவ எல்லாருக்கும் ஜன்னல்தான் போடுவா, பொய் ஆளுக்கும்.

“எடுத்துட்டா யாருக்குப் போகும் சார்?”

“வெயிட்டிங்ல முதல்ல இருக்குறவங்களுக்கு. பேரு சொல்லக்கூடாது மேடம்.”

“பேரு வேணாம். நாயகம் சார் ஆளு இல்லேன்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க.”

அவரு சிரிப்பை அடக்கிக்கிட்டுப் பாத்தாரு. “இல்ல. நேரா கவுண்டர்ல வந்து போட்டவங்க.”

“அப்ப சரி.”

கீபோர்டை என் பக்கம் திருப்பினாரு. எத்தனை ஆயிரம் பேரை எடுத்திருக்கேன், கல்யாணத்துக்குப் போறவங்க, வேலைக்குப் போறவங்க, சண்டை போட்டுக்கிட்டு நின்னுபோன புருஷன் பொண்டாட்டி. கை தானாப் போகும். இன்னைக்குப் போகல. அவரு எழுந்து டீ வாங்கி வரேன்னு வெளிய போயிட்டாரு. அவரு திரும்பி வர்றதுக்குள்ள அமுக்கிட்டேன். ததேயு போயிட்டான். அங்க இன்னொருத்தர் பேரு வந்து உக்காந்துச்சு. அதுக்கப்புறம்தான் நான் அழுதேன். கவுண்டர்ல நின்னவங்கெல்லாம் திரும்பிப் பாக்குற அளவுக்கு, வாய்விட்டு, பேரைச் சொல்லிச் சொல்லி அழுதேன். டீ ஆறிப்போச்சு.

பஸ்ல வரும்போது, நாயகம் சார் மேல கோபம் இன்னும் இருக்கான்னு உள்ள தேடிப் பாத்தேன். இருந்துச்சு. ஒரு பொட்டுக்கூடக் குறையல. தம்பிதான் இல்ல.